பாலாடைக்கட்டி: விருப்பமும் விலக்கும்



ஒரு தலைமுறைக்கு முன் நம் சமையலறைகளில் சீஸ் என்ற பொருளுக்கு இடமே இருந்ததில்லை. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவர்கள் நீல நிறத் தகர டப்பாவிலும், வெள்ளித்தாள் சுற்றிய முக்கோணத் துண்டுகளாகவும் கொண்டுவந்து கொடுத்ததே பலருக்கு முதல் அறிமுகம். இன்று சென்னீர்குப்பம், பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என எங்கும் கடையின் குளிர்பெட்டியில் நான்கைந்து வகைச் சீஸ் கிடைக்கிறது. நோன்பு திறக்கும் தட்டில் கஞ்சிக்கும் வடைக்கும் அருகே சீஸ் சமோசா வந்து அமர்ந்துவிட்டது. ரமளான் இரவுகளில் குனாஃபா தேடிப் பிள்ளைகள் கடைத்தெருவுக்குப் போகிறார்கள்.

கூடவே ஒரு கலக்கமும் வந்திருக்கிறது. "சீஸில் கன்றின் குடல் சேர்க்கிறார்கள், அது ஹராம்" என்ற செய்தி அலைபேசியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. விருந்து வீட்டில் ஒருவர் அதை உரக்கச் சொல்ல, காலை முதல் சமைத்த பெண்ணின் முகம் வாடுகிறது. கையில் துண்டை வைத்திருக்கும் பிள்ளை, உண்பதா வைப்பதா என்று விழிக்கிறது. மற்றொருபுறம், "இதையெல்லாம் யார் பார்ப்பது" என்று எதையும் கேளாமல் வாங்குவோரும் உள்ளனர்.

இந்த வினா நமக்குத்தான் புதியது. நம் உம்மத்துக்கு இது ஆயிரத்து நானூறு ஆண்டுப் பழையது. அந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. ஓர் உணவு நமக்குப் பிடிக்கிறதா என்பது ஒரு வினா. அது நமக்கு ஆகுமானதா என்பது வேறொரு வினா. இரண்டையும் ஒன்றாகக் குழைக்கும்போதுதான் வீண் சண்டைகள் பிறக்கின்றன. ஆட்டுப்பால், எருமைப்பால், பசும்பால், ஒட்டகப்பால் என விதவிதமான பாலில் உருவான சீஸ்களுள் நமக்கு உகந்ததைத் தேர்ந்தெடுக்கும் முன், இவ்விரு வினாக்களையும் தனித்தனியே பார்ப்போம்.

பன்னீரும் பனீரும்

முதலில் சொல்லைப் பார்ப்போம். நிக்காஹ் பந்தலிலும் மௌலிது மஜ்லிஸிலும் நாம் தெளிப்பது பன்னீர். கறியில் இடுவது பனீர். முன்னது தமிழில் வேரூன்றிய சொல். பின்னது பாரசீகம். துருக்கியர் அதையே 'பெய்னிர்' என்பர். அரபியில் பாலாடைக்கட்டிக்கு 'ஜுப்ன்' என்று பெயர். ஸ்பெயினை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் சீஸ் வைத்துச் செய்த பணியாரத்துக்கு 'முஜப்பனா' என்று பெயர். அச்சொல் ஸ்பானிய மொழியில் 'அல்மொஹாபனா' என்று நின்று, கடல் கடந்து, இன்றும் கொலம்பியாவில் ஒரு சீஸ் ரொட்டியின் பெயராக வழங்குகிறது.

பாரசீகம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பூந்தமல்லி கோல்கொண்டாவின் குதுப் ஷாஹி ஆட்சியின்கீழ் இருந்தது. ஈரானிலிருந்து வந்து கோல்கொண்டாவில் உயர்ந்த மீர் ஜும்லா இப்பகுதியை ஆண்டார். அக்காலத்துப் பாரசீகக் கல்வெட்டைத் தாங்கிய பள்ளிவாசல் பூந்தமல்லியில் உள்ளது. ஆயினும் அந்த மொழியோடு பனீர் நம் அடுக்களைக்கு வந்து சேரவில்லை. வட இந்திய உணவகங்களும் ஆவின் பொட்டலங்களும் வந்த பிறகே அது நம் வீட்டுப் பண்டமாயிற்று.

காரணம், தமிழகத்தில் பால் சென்ற வழி வேறு. தயிர், மோர், வெண்ணெய், நெய் என்பதே நம் வரிசை. சங்க இலக்கியமான பெரும்பாணாற்றுப்படை முல்லை நிலத்து ஆய்மகளைக் காட்டும்போது, அவள் மோரையும் நெய்யையும் விற்று வாழ்வதாகவே காட்டுகிறது. வெப்பம் மிகுந்த நிலத்தில் பால் ஓரிரவில் தயிராகிவிடுகிறது. தயிரை அன்றே உண்ணலாம், நெய்யைப் பல மாதம் வைக்கலாம். மாதக்கணக்கில் குளிர்ந்த நிலவறையில் முதிர வைக்கும் சீஸுக்கு இங்கே தேவையும் இல்லை, வசதியும் இல்லை. பாலைக் கட்டியாக்கி உண்ட வழக்கமென்று நம் வீடுகளில் சொல்ல வேண்டுமானால், கன்று ஈன்ற பசுவின் சீம்பாலை ஆவியில் வேகவைத்து உண்டதைத்தான் சொல்ல வேண்டும். சீம்பாலில் புரதம் மிகுதி என்பதால் சூடு பட்டாலே அது கட்டியாகிவிடும். உறைய வைக்க வேறெதுவும் தேவையில்லை.

மதீனாவின் தட்டில் அகித்

அரபு நிலத்தின் கதை வேறு. பாலைவனத்தில் மழைக்குப் பின் சில வாரங்கள் மேய்ச்சல் செழிக்கும், பால் பெருகும், பின்னர் வறட்சி. பெருகிய பாலைச் சேமிக்க அவர்கள் கண்ட வழி 'அகித்'. புளித்த பாலையோ வெண்ணெய் எடுத்த மோரையோ காய்ச்சி, நீரை வடித்து, கையால் பிடித்து, வெயிலில் கல்லைப்போல உலர்த்துவார்கள். ஆண்டு முழுதும் கெடாது. வேண்டும்போது நீரில் கரைத்துக்கொள்ளலாம். ஜோர்தானில் மன்சஃப் சமைக்கப் பயன்படும் 'ஜமீத்', மத்திய ஆசியாவின் 'குர்த்' ஆகியவை இதன் உறவினர்.

தமிழ் ஹதீஸ் மொழிபெயர்ப்புகளில் 'பாலாடைக்கட்டி' என்று நாம் படித்துக் கடந்துபோகும் சொல் பெரும்பாலும் இந்த அகித்தே. நோன்புப் பெருநாள் தர்மத்தைப் பற்றி அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் புகாரீ ஹதீஸை நினைவுகூருங்கள். வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை ஆகியவற்றோடு அகித்திலும் ஒரு ஸாஉ கொடுத்ததாக அவர்கள் சொல்கிறார்கள். நாம் அரிசியில் ஃபித்ரா கொடுக்கிறோம்; அவர்கள் பாலாடைக்கட்டியிலும் கொடுத்தார்கள். அவ்வளவுக்கு அது ஏழையின் அன்றாட உணவு. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஸஃபிய்யா (ரலி) அவர்களுடன் நடந்த மணத்தின் வலீமா விருந்தில் இறைச்சியும் இல்லை, ரொட்டியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழம், அகித், நெய் ஆகியவை இடப்பட்டன. நபி (ஸல்) அவர்களின் திருமண விருந்தே அதுதான்.

நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமான நிகழ்ச்சி ஒன்று உண்டு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் சிறிய தாயார் உம்மு ஹுஃபைத் (ரலி), நபி (ஸல்) அவர்களுக்கு நெய்யும் அகித்தும் உடும்பும் அன்பளிப்பாக அனுப்பினார்கள். நபியவர்கள் நெய்யையும் அகித்தையும் உண்டார்கள்; உடும்பை விட்டுவிட்டார்கள். அது ஹராமா என்று காலித் பின் வலீத் (ரலி) கேட்டபோது, இல்லை, என் சமூகத்தாரின் நிலத்தில் அது இல்லாததால் எனக்கு விருப்பமில்லை என்ற கருத்தில் விடையளித்தார்கள். காலித் (ரலி) அதைத் தம் பக்கம் இழுத்து உண்டார்கள், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரே விரிப்பில் இரண்டு பாடங்கள். தமக்குப் பிடிக்காததை நபியவர்கள் விலக்கப்பட்டது என்று சொல்லவில்லை. ஆகுமானது என்பதற்காக விருப்பமில்லாமல் உண்ணவும் இல்லை. அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. பிடித்தால் உண்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள் என்று அபூ ஹுரைரா (ரலி) சொல்வதும் இதையே உறுதிப்படுத்துகிறது.

தபூக்கும் மதாயினும்

அகித் புளிப்பால் திரண்டது. அதில் ஐயத்துக்கு இடமில்லை. ஜுப்ன் அப்படியன்று. பாலைப் புளிக்காமல் திரளவைக்க வேண்டுமானால் ஓர் உறைபொருள் தேவை. பால்குடி மறவாத கன்று, ஆட்டுக்குட்டி ஆகியவற்றின் இரைப்பையில் பாலைத் திரளச் செய்யும் நொதி உண்டு. அந்த இரைப்பையை உலர்த்தி, சிறு துண்டை ஊறவைத்துப் பாலில் விடுவார்கள். சிறிது நேரத்தில் பால் அல்வாவைப்போல் இறுகும். அரபியில் இதற்கு 'இன்ஃபஹா', ஆங்கிலத்தில் 'ரென்னெட்'. வாட்ஸ்அப் செய்தி 'குடல்' என்று சொல்வது இதைத்தான்.

கன்று முறைப்படி அறுக்கப்பட்டதாக இருந்தால் சிக்கலே இல்லை. அறுத்தவர் நெருப்பை வணங்குபவராக இருந்தால்? தானாகச் செத்த குட்டியாக இருந்தால்? இஸ்லாம் அரபு நிலத்தைக் கடந்து ரோம, பாரசீக நிலங்களைத் தொட்டபோது இந்த வினா எழுந்தது.

ஹிஜ்ரி 9இல் தபூக்கில் நபி (ஸல்) அவர்களிடம் ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவரப்பட்டதாகவும், அவர்கள் கத்தி கேட்டு, அல்லாஹ்வின் பெயர் கூறி அதை வெட்டியதாகவும் இப்னு உமர் (ரலி) வழியாக அபூ தாவூதில் ஓர் அறிவிப்பு உள்ளது. பின்னர் ஈராக் வெற்றி கொள்ளப்பட்டது. பாரசீகத் தலைநகரான மதாயினுக்கு ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) ஆளுநரானார்கள். நெய், பாலாடைக்கட்டி, தோலாடை ஆகியவை பற்றிக் கேட்கப்பட்டபோது, அல்லாஹ் தன் வேதத்தில் ஆகுமாக்கியது ஆகும், விலக்கியது விலக்கு, சொல்லாமல் விட்டது அவன் மன்னித்து விட்டது என்ற கருத்துடைய புகழ்பெற்ற விடை அவர்கள் வழியாகவே வருகிறது. திர்மிதீ இதைப் பதிவு செய்து, இது ஸல்மானின் சொல்லாக வருவதே மிகச் சரியானது என்ற குறிப்பையும் தருகிறார். கேட்கப்பட்ட மூன்று பொருள்களையும் கவனியுங்கள்: மூன்றும் பிறர் செய்து, நம் கைக்கு வரும் பொருள்கள். பாரசீகத்தில் பிறந்து, நெருப்புக் கோயிலில் வளர்ந்து, உண்மையைத் தேடி மதீனா வந்த ஒருவரிடமே இந்த வினா போய்ச் சேர்ந்தது எத்துணை பொருத்தம்!

பிற்கால இமாம்கள் இதில் கருத்து வேறுபட்டனர். செத்த பிராணியின் உறைபொருளும் தூய்மையானதே என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் நிலை. மாலிகீ, ஷாஃபிஈ மத்ஹபுகளும் ஹன்பலீ மத்ஹபின் பிரபலமான கருத்தும் அதை அசுத்தம் என்கின்றன. முறைப்படி அறுக்கப்பட்டதும் பாலைத் தவிர வேறெதையும் உண்ணாததுமான குட்டியின் உறைபொருள் தூய்மையானது என்பது ஷாஃபிஈ சட்டம். ஈராக்கை வென்ற நபித்தோழர்கள் அங்குள்ள நெருப்பு வணங்கிகளின் பாலாடைக்கட்டியை உண்டார்கள் என்பதைச் சான்றாகக் காட்டி இப்னு தைமிய்யா (ரஹ்) அனுமதியின் பக்கம் சாய்ந்தார்கள். பன்றி தொடர்பானது எவ்வகையிலும் ஆகாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

நம் பகுதியில் தக்னி, இராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபீ. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வந்து குடியேறியோர் பெரும்பாலும் ஷாஃபிஈ. எனவே ஒரே அடுக்குமாடியில் இரு வீட்டார் ஒரே சீஸைப் பற்றி இரு விதமாகக் கேட்டு வளர்ந்திருக்கலாம். இருவரிடமும் ஆதாரம் உண்டு என்பதை இருவரும் அறிந்தால் போதும்.

பொன்னானியில் சிரியாவின் சீஸ்

நமக்கு அருகிலேயே எழுதப்பட்ட ஒரு சான்றையும் சொல்ல வேண்டும். மலபாரின் பொன்னானியில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாபெரும் அறிஞர் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்). போர்த்துகீசியரின் அட்டூழியங்களைப் பதிவு செய்த 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' நூலின் ஆசிரியர். அவர்களுடைய 'ஃபத்ஹுல் முயீன்' கேரளத்திலும் தமிழகத்தின் ஷாஃபிஈ மத்ரஸாக்களிலும் மட்டுமன்றி, இந்தோனேசியா வரை பாடநூலாக ஓதப்படுகிறது.

அந்நூலின் தூய்மைப் பகுதியில் ஒரு விதி வருகிறது. அடிப்படையில் தூய்மையான ஒரு பொருள், அசுத்தம் பட்டிருக்கலாம் என்ற எண்ணத்தினால் மட்டும் அசுத்தமாகிவிடாது. உறுதியாகத் தெரியும்வரை அது தூய்மையே என்பதே வலுவான கருத்து. இதற்குக் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று ஷாம் நாட்டுப் பாலாடைக்கட்டி. அது பன்றியின் உறைபொருளால் செய்யப்படுகிறது என்ற பேச்சு பரவியிருந்தது. ஆயினும் அந்நாட்டிலிருந்து வந்த பாலாடைக்கட்டியை நபி (ஸல்) அவர்கள் உண்டார்கள், அதைப் பற்றி விசாரிக்கவில்லை என்று மக்தூம் அவர்கள் எழுதுகிறார்கள்.

தென்னையும் நெல்லும் விளையும் ஊரில், பாலாடைக்கட்டி செய்யாத மக்களிடையே அமர்ந்து ஓர் ஆலிம் இதை எழுதியிருக்கிறார். வதந்தி அன்றும் இருந்தது. வதந்தியின் பேரில் ஓர் உணவை விலக்கலாகாது என்ற விதியும் அன்றே இருந்தது. அதே வேளையில், உறுதியாகத் தெரிந்துவிட்டால் சட்டம் மாறும் என்பதும் அந்த விதிக்குள்ளேயே உள்ளது. ஆகவே அறியும் வழி இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதற்கு இது அனுமதி அன்று.

பால் மாறினால் சுவை மாறும்

இனி விருப்பத்தின் பக்கம் வருவோம். கால்நடைகளின் வயிற்றில் சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து தூய பாலைப் புகட்டுவதாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் நினைவூட்டுகிறான். ஒவ்வொரு கால்நடைக்கும் அவன் கொடுத்த பால் வெவ்வேறு.

*செம்மறியும் வெள்ளாடும்.* செம்மறிப்பாலில் கொழுப்பு பசும்பாலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கு மேல், புரதமும் மிகுதி. ஒரு கிலோ கெட்டிச் சீஸ் செய்யப் பசும்பால் பத்து லிட்டர் தேவையென்றால், செம்மறிப்பால் ஐந்தாறு லிட்டர் போதும். நாம் குர்பானிக்கு வளர்க்கும் செம்மறியை நம் ஊரில் கறப்பதில்லை. மத்தியதரைக் கடலோரத்தில் அதுவே பாலுக்கு முதல் விலங்கு. கிரேக்கத்தின் ஃபெட்டாவில் குறைந்தது 70 விழுக்காடு செம்மறிப்பால் இருக்க வேண்டும் என்பது விதி, எஞ்சியது வெள்ளாட்டுப்பால். பாலஸ்தீனத்தின் நாப்ளுஸ் நகரில் வசந்த காலத்தில் செம்மறிப்பாலில் 'நாபுல்ஸி' செய்து, உப்புநீரில் ஊறவைத்து ஆண்டெல்லாம் வைத்துக்கொள்வார்கள். அதன் உப்பை நீக்கி, சேமியாவைப் போன்ற மாவிழைகளுக்கிடையே வைத்துப் பாகு ஊற்றினால் குனாஃபா. அக்கா நகரின் பெயரைத் தாங்கியது 'அக்காவி'. இன்று நம் கடைகளில் குனாஃபாவைப் பெரும்பாலும் மொஸரெல்லாவில் செய்கிறார்கள். சீஸ் குனாஃபாவுக்குப் பெயர் பெற்ற நகர் நாப்ளுஸ் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லி ஊட்டினால் அந்த மண்ணின் நினைவும் உள்ளே செல்லும்.

சைப்ரஸ் தீவின் ஹலூமி மரபாகச் செம்மறி, வெள்ளாட்டுப் பாலில் உருவாவது. புதினா இலையோடு வரும். அங்குள்ள துருக்கிய முஸ்லிம்கள் அதை 'ஹெல்லிம்' என்பர். 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த இரு பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்தது. கட்டியைப் பால்நீரிலேயே காய்ச்சி எடுப்பதால் தோசைக்கல்லில் இட்டாலும் அது உருகாது, பொன்னிறமாக வாட்டலாம்.

*எருமை.* எருமைப்பாலில் கொழுப்பு ஏழு விழுக்காட்டளவு. பசுவின் பாலுக்கு மெல்லிய மஞ்சள் தரும் கரோட்டினை எருமை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுவதால் அதன் சீஸ் பளிச்சென்ற வெண்மை. எகிப்தின் தும்யாத் நகரின் பெயர் பெற்ற 'தும்யாத்தி' எருமைப்பாலிலும் பசும்பாலிலும் செய்யப்படுகிறது. உறைய வைக்கும் முன்பே பாலில் உப்பிடுவது அதன் தனித்தன்மை. இத்தாலியின் கம்பானியா எருமை மொஸரெல்லா உலகப் புகழ் பெற்றது. அந்நாட்டுக்கு எருமை அரபியர் வழியே வந்தது என்பது ஒரு கருத்து. நம் நாட்டில் எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னபோது, 1955இல் ஆனந்தில் எச். எம். தலாயா அதைச் செய்து காட்டினார். அதன் பின்னரே அமுல் நிறுவனம் எருமைப்பாலில் சீஸ் தயாரிக்கவும் முற்பட்டது. ஜம்முவின் மலைகளில் மேய்ச்சல் தொழிலுள்ள முஸ்லிம் குஜ்ஜர்கள் புளித்த பால்நீரைக் கொண்டு உறையவைக்கும் 'களாரி'யைச் சட்டியில் வாட்டி, ரொட்டிக்கு இடையே வைத்து உண்பார்கள்.

*பசு.* உலகச் சந்தையின் பெரும்பகுதி இதுவே. செடார், கௌடா எல்லாம் பசும்பால். முதிர முதிர உறைப்பு ஏறும். நம் பனீர் எலுமிச்சை அல்லது புளித்த நீரால் திரள்வது. அதில் ரென்னெட் வினாவே எழாது.

*ஒட்டகம்.* எல்லாவற்றிலும் கடினமானது இது. ஒட்டகப்பால் எளிதில் உறையாது. கன்றின் ரென்னெட் அதில் சரியாக வேலை செய்வதில்லை. பாலைத் திரளவைப்பதற்கு முதன்மையான கப்பா கேசின் என்ற புரதம் அதில் மிகக் குறைவு. முஸ்லிம் நாடான மௌரித்தானியாவின் தலைநகர் நுவாக்ஷோத்தில் நான்சி அபைதர்ரஹ்மான் என்ற பொறியாளர், நாடோடி மேய்ப்பர்களிடம் ஒட்டகப்பால் வாங்கி 'திவிஸ்கி' என்ற பால்பண்ணையை நடத்தினார். அதிலிருந்து சீஸும் செய்தார். அதை உள்ளூரில் விற்பது எளிதாக இல்லை. சீஸ் உண்ணும் பழக்கம் அம்மக்களிடம் இல்லை. ஒட்டகம் அவர்களுடையது, பால் அவர்களுடையது, ஆகுமானது என்பதிலும் ஐயமில்லை. ஆயினும் நாவுக்குப் பழகவில்லை. உடும்பின் பாடம் இங்கும் பொருந்துகிறது.

உறைபொருள் மாறிய கதை

விலக்கைப் பற்றிய வினாவுக்கு விடை கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. 1874இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் ஹான்சன் என்ற மருந்தியலாளர், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியை ஒரே தரத்தில் தயாரித்து விற்கத் தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டில் சீஸ் தேவை பெருகியது, கன்றின் இரைப்பை போதவில்லை. சில நாடுகளில் பன்றி இரைப்பையின் பெப்ஸினைக் கலந்ததும் உண்டு. ஆகவே முன்னோரின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. 1960களில் ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுத்த உறைபொருள் சந்தைக்கு வந்தது. இதுவே இந்தியப் பொட்டலங்களில் நாம் காணும் 'மைக்ரோபியல் ரென்னெட்'. 1990இல் கன்றின் நொதிக்கான மரபணுவை நுண்ணுயிரில் ஏற்றி, கன்றே இல்லாமல் அதே நொதியை உருவாக்க அமெரிக்க அரசு அனுமதித்தது. இன்று அமெரிக்கச் சீஸில் பெரும்பகுதி இவ்வகையே. ஹலால் சான்றுடனும் இது விற்பனையாகிறது.

இக்கதையின் அண்மை அத்தியாயம் ஒட்டகத்தைப் பற்றியது. ஒட்டகத்தின் உறைநொதியை நுண்ணுயிரில் உருவாக்கிச் சோதித்தபோது, அது பசும்பாலைக் கன்றின் நொதியைவிடச் சிறப்பாகத் திரளவைக்கிறது என்று 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. உறையவே மறுத்த பாலுக்குரிய விலங்கின் நொதி, இன்று உலகின் பல ஆலைகளில் பசுஞ்சீஸைத் திரளச் செய்கிறது. படைப்பில் வீணானது எதுவுமில்லை, சுப்ஹானல்லாஹ்.

நம் தேர்வு

இந்திய உணவு விதிப்படி சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி உள்ள பொட்டலத்தில் விலங்கின் உடற்பகுதி எதுவும் சேரக் கூடாது. பால் இதற்கு விதிவிலக்கு. எனவே பச்சைப் புள்ளியுள்ள சீஸில் கன்றின் ரென்னெட்டோ பன்றியின் பெப்ஸினோ இருக்க இடமில்லை. நம் கடைகளில் கிடைக்கும் உள்நாட்டுச் சீஸ் பெரும்பாலும் இவ்வகையே. சைவ உணவாளருக்காக வந்த குறி நமக்கும் உதவுகிறது.

ஆனால் அந்தக் குறி மதுவைப் பற்றி எதுவும் சொல்லாது. ஐரோப்பியச் சீஸ்களில் சில மதுவில் கழுவப்படுபவை. ஆகவே இறக்குமதிச் சீஸ் வாங்கினால் சேர்பொருள் பட்டியலையும் படியுங்கள். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ கன்றின் ரென்னெட்டால் மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதை உண்பது பற்றி உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். வளைகுடாவிலிருந்து வருவதில் ஹலால் முத்திரையைப் பாருங்கள்.

கடையில் வாங்கும்போது படிப்பது நம் கடமை. பிறர் வீட்டு விருந்தில் விசாரணை நடத்துவது நம் கடமை அன்று. ஒரு கூட்டத்தார் இறைச்சி கொண்டுவருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் கூறப்பட்டதா என்று தெரியவில்லை என்று கேட்டவர்களிடம், நீங்கள் அல்லாஹ்வின் பெயர் கூறி உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். முஸ்லிம் சகோதரி சமைத்து வைத்த தட்டின் முன் நமக்கு அதுவே போதுமான ஒழுங்கு.

இந்த எல்லைக்குள் நின்றபின், தேர்வு முழுவதும் உங்கள் நாவுக்கு உரியது. எங்களைக் கேட்டால், தோசைக்கல்லில் வாட்டிய ஹலூமியை நறுக்கிய தர்பூசணியோடு முதலில் வைப்போம். இரண்டாவது, உப்பில்லாத எருமை மொஸரெல்லா. பாலின் இனிப்பு அதில் அப்படியே இருக்கும். முதிர்ந்த செடாரைப் பேரீச்சம்பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு நடுவில் வைத்துப் பாருங்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமாவில் பேரீச்சம்பழமும் அகித்தும் சேர்ந்தே இடப்பட்டன என்பதை அந்தச் சுவை நினைவூட்டும். வெள்ளாட்டுச் சீஸின் மணம் சிலருக்கு ஒத்துவராது. முதிய பாட்டிமார்களுக்கு எந்தச் சீஸும் பிடிக்காமல் போகலாம். அவர்களுக்குத் தயிரும் நெய்யும் இருக்கின்றன. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்வோம். அதை ஹராம் என்று சொல்ல வேண்டாம். பிடித்திருக்கிறது என்பதற்காக, அறிந்துகொள்ள வேண்டியதை அறியாமலும் விட வேண்டாம்.

உணவு உண்டால் இதைவிடச் சிறந்ததைத் தா என்றும், பால் அருந்தினால் இதையே அதிகமாகத் தா என்றும் துஆச் செய்ய நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பாலைவிடச் சிறந்த உணவைக் கேட்கச் சொல்லவில்லை. அந்தப் பால் எந்த உருவில் நம் தட்டுக்கு வந்தாலும், பிஸ்மில்லாஹ்வுடன் தொடங்கி அல்ஹம்துலில்லாஹ்வுடன் முடிப்போம்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.